பாதி கொடுத்தவர் பக்கம்

சின்ன மச்சான்,

பெருநாள் கறி வெந்த வாசனை இன்னும் வீடு முழுக்க நிற்கிறது. நீங்கள் மவுத்தான பிறகு வரும் முதல் பக்ரீத். குர்பானிக் கறியை மூன்று பங்காக்கி, ஏழைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பிவிட்டு, நம் பங்கை அடுப்பில் வைத்தேன். பிரிக்கும்போதே காது உங்கள் குரலைத் தேடியது.

நமக்கு எதற்குப் பங்கு என்று வருஷா வருஷம் கேட்பீர்கள். நபிகள் தர்மம் கேட்ட அன்று உமர் நாயகம் தன் பொருளில் பாதியைக் கொண்டு வந்தார்கள். அபூபக்கர் நாயகம் எல்லாவற்றையும் கொண்டு வந்து, வீட்டுக்கு அல்லாஹ்வையும் ரசூலையும் விட்டு வந்திருக்கிறேன் என்றார்கள். பள்ளிவாசல் பயானில் கேட்டதை அடுப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொல்வீர்கள். இரண்டு பேருமே பெரியவர்கள்தான். ஆனாலும் நான் உமர் நாயகம் பக்கம்தான் நிற்பேன்.

"அபூபக்கர் நாயகத்த ஜெயிக்கவே முடியாதுன்னு உமரே ஒத்துக்கிட்டாங்க. நீ யாருடி அவங்களுக்கு வக்கீலு?"

"சோத்துக்கு ஒலை வெக்கிறவளுக்குத்தான் மச்சான் தெரியும், மீதி வெச்சவங்க அருமை."

ஒரு வருஷம் நம் பங்கையும் லாரியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிற ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு வெறும் சட்டியோடு வந்தீர்கள். அன்று நம் மகன் ரசச்சோறு சாப்பிட்டான். வளர்ந்த பிறகும் அதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்படுவான்.

இன்று மத்தியானம் அவன்தான் ஓசூரிலிருந்து வந்து, இந்த வீட்டை விற்க வேண்டும், தன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தன்னோடு வந்துவிடு என்றான். நான் அவன் தட்டில் கறி வைத்தேன்.

"அத்தாவா இருந்தா யோசிக்காம முழுசும் குடுத்திருப்பாரும்மா."

"குடுத்திருப்பாரு தம்பி. நான் அவரில்லையே. ரெண்டா தடுத்துத் தெருப்பக்கத்த வித்துக்க. அடுப்படியும் பின்னறையும் எனக்கு வேணும்."

முழுசும் கொடுக்கிற அளவுக்கு உங்களுக்கு இருந்த நம்பிக்கை எனக்கு வரவில்லை மச்சான். ஆனால் முடியாது என்கிற இடத்தில் முடியாது என்று சொல்ல என் குரல் நடுங்கவில்லை. உங்களோடு இத்தனை வருஷம் வாதாடியதில் வந்த தெம்பு அது. நீங்கள் ஒரு தடவைகூட என் வாயை அடைக்கவில்லை.

அவன் தட்டில் பாதிக் கறி அப்படியே இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு பொம்மிடிக்குப் போய் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினான். எப்போதும் "வர்றேம்மா" என்பவன், வாசலில் திரும்பிப் பார்க்காமல் "போறேன்" என்றான்.

அடுத்த பெருநாளைக்கு வருவானா, மச்சான்?