கொச்சிக்கடையில் வாங்கிய சத்தியம்

கொட்டாஞ்சேனை,
09.08.2025

அன்பின் ரொஷேலின் டடாவுக்கு,

நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். எல்லோரும் எழுதுகிற வரிதான். ஆனால் இந்த முறை எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். நல்ல வரி.

கஜீவன் தம்பி லீவு முடிந்து நாளை கட்டாருக்குத் திரும்புகிறார். உங்கள் கேம்பில்தான் அவருக்கும் அறை என்பதால் இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் ஒரு வசனம் தொடங்கினால் நீங்கள் பத்துக் கேள்வி கேட்பீர்கள். நான் அழுவேன், நீங்கள் கத்துவீர்கள், அதற்குள் லைன் போய்விடும். கடிதம் என்றால் முடியும்வரை நீங்கள் வாய் திறக்க முடியாது.

முதலில் சந்தோஷச் செய்தி. நேற்று ரொஷேல் மறுபடியும் அந்த வேப் சிகரெட்டை இழுத்துவிட்டாள். கடதாசியைக் கசக்க வேண்டாம், கீழே வாசியுங்கள். இழுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் நின்று, மம்மி நான் இழுத்திட்டேன், ரெண்டு தரம், கிளாஸ் வாசல்ல ஒருத்தி தந்தா என்று சொன்னாள். தானாகச் சொன்னாள்! நான் கேட்கவில்லை, பையைத் தேடவில்லை, வாயை மணந்து பார்க்கவில்லை. பதின்மூன்று வயதில் தொடங்கியதை இரண்டு வருடம் எங்களுக்கு மறைத்த பிள்ளை, இந்தத் தரம் இரண்டு மணித்தியாலம்கூட மறைக்கவில்லை.

என் கையில் அகப்பை இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி அது உயர்ந்ததுதான். பிறகு அதை வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் அழுதோம், பருப்பு அடிப்பிடித்தது. ரொஷேலைப் பார்க்கிற கிளினிக் டொக்டருக்குப் போன் போட்டேன். தவறுவது நடக்கும், வந்து சொன்னதுதான் பெரிய விஷயம், அவளுக்கு வெரி குட் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா. சொன்னேன். உங்கள் மகள் என்னை ஒரு விசரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு அந்தக் கருகிய பருப்போடு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். எனக்கு நேற்றிலிருந்து கால் நிலத்தில் நிற்கவில்லை.

இனி மற்றது. உட்கார்ந்து வாசியுங்கள்.

போன ஞாயிறு நீங்கள் போனில், இந்த மாதம் முப்பதாம் திகதி வந்திறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மகளிடம் மறுபடி சத்தியம் வாங்குவோம், இந்தத் தரம் நானும் பக்கத்தில் நிற்பேன் என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் யூனிபோமுக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போனவள், புதன்கிழமை கிளினிக் போகும்வரை என்னோடு கதைக்கவில்லை. அன்றுதான் டொக்டரிடம் முழுவதையும் சொல்லியிருக்கிறாள். மம்மியிடம் நீங்களே சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறாள்.

மே மாதம் அந்த வேப் குழல் பிடிபட்டது நினைவிருக்கும். எழுத்துக்கு வர்ணம் பூசும் பேனை என்று நினைத்து நானே அதை எத்தனை தரம் மேசை லாச்சியில் அடுக்கி வைத்திருப்பேன்! தெரிந்ததும் நாங்கள் டொக்டரிடமா போனோம்? செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குள் அவளைக் கொச்சிக்கடைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீங்கள் வட்ஸ்அப் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தோனியார் சுரூபத்தின் கண்ணாடிக் கூட்டில் கையை வைக்கச் சொல்லி, நான் சொல்லச் சொல்ல அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். இனித் தொட்டால் என் டடா உயிரோடு வீட்டுக்கு வரமாட்டார், இதுதான் அந்தச் சத்தியம். தன் பேரில் சத்தியம் செய்தால் மீறுவாள், உங்கள் உயிர் என்றால் பயப்படுவாள் என்று கணக்குப் போட்டேன். காணாமல் போனதைத் தேடித் தருகிற அந்தோனியாரிடம் போய் உங்கள் உயிரைப் பணயம் வைத்துவிட்டு, வாசலில் ஐஸ்கிறீமும் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன்.

பயந்தாள்தான். மூன்று கிழமை தாக்குப்பிடித்தாள். ஜூனில் ஒரு நாள் முடியாமல் தொட்டுவிட்டாள். யாரிடம் சொல்வாள்? அந்த நாட்களில் மணிக்கொரு தரம் உங்களுக்கு, டடா சாப்பிட்டீங்களா, டடா வேலை முடிஞ்சுதா என்று மெசேஜ் போட்டாளே. மகளுக்குத் திடீரென்று பாசம் பொங்குகிறது என்று என்னிடம் பெருமையடித்தீர்கள். நீங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், ரெஜினோல்ட். அந்தப் பயத்தை அடக்க யாரோ கொடுத்த மாத்திரையும் பழகினாள். கடைசியில், நான் போயிட்டா டடாவுக்கு ஒண்ணும் ஆகாது என்ற இடத்துக்கு வந்துவிட்டாள். இதை டொக்டர் சொன்னபோது, அந்தச் சத்தியத்தைச் செய்ய வைத்தது நான்தான் என்றேன். இதற்கு ஒரே காரணம் என்று இல்லை, பழக்கமும் மனச்சோர்வும் சேர்ந்து வந்த வருத்தம், வைத்தியம் பார்த்தால் தேறும் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

அவளைக் காப்பாற்றியது யார் என்று உங்களுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. டியூஷனில் பக்கத்தில் இருக்கும் ஷிம்னா. ஜூலையில் அந்தப் புதன்கிழமை ரொஷேல் தன் வெள்ளிச் சங்கிலியைக் கழற்றி அவளிடம் கொடுத்து, எனக்கு இனித் தேவைப்படாது, யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு என்றிருக்கிறாள். ஷிம்னா சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்த் தாய் ஜவாஹிறாவிடம், உம்மா, எனக்குப் பாவம் வந்தாலும் பரவாயில்ல என்று சொல்லி, அத்தனையையும் கொட்டிவிட்டாள். ஜவாஹிறா தலையில் துணி நழுவுவதுகூடத் தெரியாமல் ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டினார். நாங்கள் அறைக்குள் போனபோது பிள்ளை உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

இப்போது ஷிம்னா ஒவ்வொரு நாளும் வருகிறாள். இரண்டும் குசுகுசுத்துச் சிரிக்கிற சத்தத்துக்கு நான் டீவியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டுகிறேன், சந்தோஷமாக! ரொஷேல் கிளினிக் போவது டெங்குக்கு என்று உங்கள் தங்கை மேபலிடம் சொல்லியிருந்தேன் அல்லவா, இன்று காலை உண்மையைச் சொல்லிவிட்டேன். ஏன் மறைச்சீங்க அண்ணி என்று கத்தினார், பிறகு நாளைக்கே வந்து மருமகளோடு இருக்கிறேன் என்றார். மனநல உதவிக்கு எந்த நேரமும் எடுக்கலாம் என்ற 1926 எண்ணைப் பிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். வீட்டு மருந்தெல்லாம் என் அலுமாரிக்குள் பூட்டில் இருக்கிறது. முழுதாகச் சுகமா என்று கேட்டால், இல்லை. சில நாள் அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் இப்போது வாய் திறந்து கேட்கிறேன், அவளும் வாய் திறந்து சொல்கிறாள்.

ஆகையால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். சத்தியம் வேண்டாம். பிறகு ஒரு நாள் மூன்று பேரும் கோயிலுக்கு நன்றி சொல்லப் போவோம். நீங்கள் வந்திறங்கும் அன்று விமான நிலையத்தில் அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். முழு உயிரோடு அவள் முன்னால் வந்து நின்று, உன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது, எப்போதும் ஆகாது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், நம்புகிறாளில்லை. அந்தச் சத்தியத்தை எடுத்துக் கொடுத்தது இந்த வாய்தானே.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
மரியகொறற்றி