அட்டையில் என் படம், உள்ளே நான் இல்லை

லெமிங்டன்,
மார்ச் 9

அன்புள்ள டாரியோ,

மழை விடாத வான்கூவரில் நீ சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, அப்பாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் டெட்ராய்ட் கூட்டத்தில் நான் செய்ததை வென்டல் உனக்குப் போன் போட்டுச் சொன்னானாம், நீ உடனே அப்பாவைக் கூப்பிட்டு "அம்மாவுக்கு என்ன ஆச்சு, கூட்டணிய உடைச்சுடப் போறாங்களே" என்று கேட்டாயாம். என்னையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன், கடைசிவரை படி.

இறக்குமதி வரி வந்ததிலிருந்து நம் குடைமிளகாய் லாரி எல்லைப் பாலத்தைத் தாண்டி டெட்ராய்ட் போவதே பெரும்பாடாகிவிட்டது, தாண்டினாலும் அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. இரண்டு கரையிலும் இருக்கிற பன்னிரண்டு வணிகச் சங்கங்கள், தோட்டக்காரர்கள், லாரிக்காரர்கள், மளிகை மொத்த வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து, எந்தச் சரக்குக்கும் வரி வேண்டாம் என்று இரு அரசுக்கும் ஒரே மனு கொடுக்கலாம் என்றபோது என்னைவிட சந்தோஷப்பட்டவர் யார்? குளிர்காலம் முழுக்க நானும் அக்கரையில் டொலீடோ ஊர் மார்லீனும் கையெழுத்துக்கு அலைந்தோம். இருபத்திரண்டு வருஷமாக நம் குடைமிளகாயை வாங்கி ஒஹாயோ கடைகளுக்கு அனுப்புகிறவள், உன் முதல் நற்கருணைக்குச் சட்டை வாங்கித் தந்தவள், உறைந்த ரோட்டில் அவள் வண்டி ஓட்ட நான் மடியில் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்துத் தோட்டக்காரன்தானே என்று வென்டலைக் கூட்டணித் தலைவராக்கக் கை தூக்கியவளும் நான்தான்.

வியாழக்கிழமை மண்டபத்தில் அச்சடித்த மனு மேசைமேல் அடுக்கியிருந்தது. அட்டையில் நான், கை நிறைய சிவப்புக் குடைமிளகாயோடு சிரித்துக்கொண்டு. உள்ளே ஏழாம் பக்கத்தில் "காய்கறிகள் நீங்கலாக, எல்லாச் சரக்கும்" என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தேன். வென்டலிடம் போய்க் கேட்டால், "ஒஹாயோ தோட்டக்காரங்க விலகிடுவோம்னு மிரட்டுறாங்க ரெனாட்டா, ஒண்ண விட்டாத்தான் மத்தது நடக்கும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்கிறான். பின்னாலிருந்து மார்லீன், "இவரோட புதுத் தோட்டம் எங்க இருக்குன்னு கேளு, எங்க ஊருலேர்ந்து நாப்பது மைல்ல" என்றாள். போன இலையுதிர் காலத்திலேயே அக்கரையில் முப்பது ஏக்கர் பசுமைக் குடில் வாங்கிவிட்டானாம், டாரியோ. அவன் காய் இனிப் பாலமே ஏறப் போவதில்லை, நம் காய்க்கு வரி இருந்தால் அவனுக்குத்தான் லாபம். இருநூறு பேர் காதில் விழும்படி அதைக் கேட்டேன். அவன், "படம் அழகா வந்திருக்கே, டாரியோதான் அனுப்பினான்" என்று சிரித்தான்.

அப்புறம் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் முகத்தைக் கிழித்தேன். மார்லீன் மறுகோடியிலிருந்து ஆரம்பித்து, "பைய கீழ வை, ரெண்டு கையும் வேணும்" என்றாள். யாரோ காவலாளியைக் கூப்பிடச் சொல்ல, லாரிச் சங்கத்துக் கிழவர் ஒருவர் "கூப்பிடுங்க, அவனுக்கும் ஒரு கட்டு குடுக்கலாம்" என்றார். மார்லீனின் மளிகைச் சங்கமும் நம் பக்கத்துப் பத்தொன்பது தோட்டக் குடும்பங்களும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டோம், மண்டபமே கலைந்தது.

திங்கட்கிழமை அந்த இரண்டு வார்த்தையையும் எடுத்துவிட்டுப் புது மனு தபாலில் வந்தது. மன்னிப்பென்று ஒரு வரி கிடையாது. கையெழுத்துப் போட்டேன், மனுவும் போய்விட்டது. உடைக்க நினைத்தவள் போடுவாளா? அதற்கு முந்தின நாள், ஞாயிறன்று, கோயில் வாசலில் வென்டல் கை நீட்டினான், அப்பா தன் கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. முப்பது வருஷத்தில் அவர் யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் வரி அப்படியேதான் இருக்கிறது. பதினாலு வருஷமாகப் பிப்ரவரி பிறந்ததும் மெக்சிகோவிலிருந்து நம் தோட்ட வேலைக்கு வந்துவிடும் யூசேபியோவிடம், இந்த வருஷம் வரவேண்டாம் என்று நானே போனில் சொன்னேன். அவர், "மூணாவது வரிசைத் தண்ணிக் குழாய் ஒழுகும்மா, நான் இல்லேன்னா யாரும் கவனிக்க மாட்டாங்க, பாத்துக்குங்க" என்றார். வென்டலின் அந்த இரண்டு வார்த்தைக்குள் இருந்தது இந்த மனுஷனின் சோறு. இது புரியாமல் பெரிய மனுஷனைப் பகைக்காதே என்று அப்பாவிடம் புத்தி சொல்லி அனுப்புகிறாய். என் முகத்தை யாருக்காவது கொடுப்பதென்றால் முதலில் என்னைக் கேள்.

குளிரில் தலைக்குக் குல்லா போடு, பல் டாக்டரைத் தள்ளிப் போடாதே. மாதா உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஈஸ்டருக்குக் கட்டாயம் வா, மார்லீனும் வருகிறாள். உன்னைத் திட்ட இன்னும் நிறைய இருக்கிறது, அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன், எதிரில் உட்காரவைத்து, சாப்பாடு போட்டுத்தான் திட்டுவேன்.

கோபம் ஆறாத உன் அம்மா,
ரெனாட்டா