பீரோக் கண்ணாடியில் ஒரு பந்தயம்

என் செல்ல மகளுக்கு,

ஜெயித்துவிட்டாயடி! நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. இதை முதலில் எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அந்த நாட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு நீ மூச்சு வாங்க நின்றதைப் பார்த்து அழுதேன், சிரித்தேன், அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் மெதுவாகப் பேசினாலும் உன் அப்பா காதில் விழும். இது அவர் காதில் விழக் கூடாத விஷயம்.

"அப்பா பார்ப்பாராம்மா?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். ரொட்டி ஆலை வேலைக்குப் போன இடத்தில் நீ குடியுரிமை வாங்கி, அந்த நாட்டுச் சட்டையைப் போட்டு ஓட ஆரம்பித்ததிலிருந்து அவர் உன்னோடு பேசுவதில்லை. "நம்ம சட்டையில ஓடுவான்னுதானே ஓட விட்டேன்" என்று பாடிய பாட்டையே பாடுகிறார். இங்கே தேர்வுக் குழுக்காரர்கள் ஒரு போட்டிக்கும் எடுக்காமல் உன்னை அலைக்கழித்ததெல்லாம் மறந்தா போச்சு? பிடிவாதம்! அதில் நீயும் அவர் மகள்தான், சும்மா சொல்லக் கூடாது.

போட்டியன்று எதிர்வீட்டு அக்கா குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். உன் தம்பி டிவி சத்தத்தைக் கூட்டினான். உன் அப்பா நாற்காலியை டிவிக்கு முதுகு காட்டிப் போட்டு, பீரோவைப் பார்த்து உட்கார்ந்தார். "நீங்க பாருங்க, எனக்கென்ன" என்றார். பார்க்க வேண்டாமென்றால் வெளியே போயிருக்கலாமே? எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

நம் நாட்டுப் பெண்ணும் ஓடினாள். யாருக்குக் கை தட்டுவதென்று தெரியாமல் எதிர்வீட்டு அக்கா இரண்டு பேருக்கும் தட்டினாள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் நீ எல்லாரையும் தாண்டி முன்னால் வந்தாய். வேறு ஏதோ நாட்டு நெட்டைப் பெண் ஒருத்தி மட்டும் விடாமல் உன் பின்னாலேயே, வலது பக்கமாக ஏறி வந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மனுஷன் கத்தினார்: "வாலு! இடது பக்கம் ஏறுறா பாரு, விடாதே!"

வாலு! அவர் உனக்கு வைத்த பெயரை இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாச்சு. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் இடது பக்கமா? திரும்பிப் பார்த்தேன். பீரோக் கண்ணாடியில் டிவி முழுசாகத் தெரிந்தது. ஆரம்பத்திலிருந்து அதில்தான் பார்த்திருக்கிறார், இடம் வலம் மாறி! பஸ் ஓட்டிய புத்தி எங்கே போகும்?

சின்ன வயதில் அவர் காலி பஸ்ஸை டிப்போவுக்கு எடுத்துப் போகும்போது பின்னாலேயே ஓடுவாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் அவர் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு போவார். நீ பின்தங்கினால் வண்டியை மெதுவாக்குவார்.

குட்டு உடைந்ததும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவர் வேறு வழியில்லாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். நீ கோட்டைத் தொட்டபோது எதிர்வீட்டு அக்காவிடம், "யாரு பொண்ணு? என் பொண்ணு!" என்றார், அவளுக்கு என்னவோ தெரியாத மாதிரி. பதக்கம் போடும்போது அந்த நாட்டின் தேசிய கீதம் ஒலித்தது. எழுந்து நின்றார். "கால் மரத்துப் போச்சு, அதான்" என்று சொல்லிக்கொண்டார்.

அன்றிலிருந்து போனைத் துடைத்துத் துடைத்துப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அவராகக் கூப்பிடமாட்டார், உனக்குத் தெரியும். இந்த முறை என் நம்பருக்கு வேண்டாம், அவர் நம்பருக்கே கூப்பிடு. எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் பட்டென்று வைத்துவிடாதே கண்ணு. வண்டியை மெதுவாக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்.

உன் கால்களுக்கு ஒரு குறையும் வராமல், எந்தச் சட்டையில் ஓடினாலும் முன்னாலேயே ஓடு.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா