நம்ம பையன்தான் என்று சொன்ன அத்தாவுக்கு

என் பச்சை பெல்ட் அத்தாவுக்கு, பல்கீஸின் சலாம்.

நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்குள் பெண்கள் போவது நம் ஊர் வழக்கமில்லை. சாதிக் அண்ணன் வெள்ளிக்கிழமை தவறாமல் உங்கள் கபரருகே நின்று ஓதிவிட்டு வருகிறார். நான் மதில் வரைக்கும் வந்து திரும்பிவிடுகிறேன். அங்கே நின்று கத்தினால் ஊர் சிரிக்கும் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் வைத்த வாயாடிப் பட்டம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கடை நடக்கிறது. சந்தை நாளில் மூக்கணாங்கயிறும் கழுத்துமணியும் எப்போதும் போல் போகின்றன. அண்ணன் வியாபாரம் பார்க்கிறார், நானும் கூட உட்காருகிறேன். உங்கள் பெல்ட்டை ஒருநாள் கட்டிப் பார்த்தார், அவர் வயிற்றுக்கு எட்டவில்லை. மறுபடியும் ஆணியிலேயே மாட்டிவிட்டார்.

நல்ல சேதி இவ்வளவுதான். மற்றதையும் யாரிடம் சொல்ல? உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

டவுன் பஸ் ஸ்டாண்டில் குண்டு வெடித்த அந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. செத்தவர்களில் நம் மாரப்பன் மாமாவும் ஒருவர். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசும் அந்தத் தரகர், காலை டீயை நம் கடை வாசலில்தான் குடிப்பார். குண்டைக் கொண்டுபோனவனும் அங்கேயே செத்துப்போனான். பள்ளிவாசலுக்குப் பின்வீட்டு ஜைனபக்காவின் ஒரே மகன். அவன் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. மார்க்கத்துக்காகத்தான் செய்கிறேன் என்று போனில் பேசிப் படம் பிடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அதை ஒரே ஒரு முறை பார்த்தீர்கள். "மார்க்கத்தை எங்கிட்ட இருந்து திருடிட்டுப் போயிட்டானே பாவி" என்றீர்கள்.

மறுநாள் மாரப்பன் மாமா வீட்டுக்குக் கிளம்பினீர்கள். அடி விழும், போகாதீங்க என்று அண்ணன் தடுத்தார். நீங்கள் கேட்கவில்லை. நானும் பின்னாலேயே வந்தேன். மாமாவின் மனைவி ருக்குமணியம்மா உங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து கேட்டார்.

"ஏனுங்க பாய், அது உங்க பையனுங்களா?"

சொல்வதற்கு உங்களிடம் எத்தனையோ இருந்தது. அவன் ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆயிற்று, பள்ளிவாசல் பக்கம் வந்ததே இல்லை, நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதையே காஃபிர் என்று ஏசியவன். எல்லாம் உண்மை. நீங்கள் சொன்னது வேறு.

"ஆமாங்க அம்மிணி. எங்க பையன்தானுங்க."

யாரும் அடிக்கவில்லை. குடிக்கத் தண்ணீரும் தரவில்லை. உடலை எடுக்கும் வரைக்கும் அந்த வெயிலில் நின்றுவிட்டு வந்தோம்.

அப்படிச் சொல்லிவிட்டு வந்த நீங்கள்தான், போலீஸ் அவனுடைய உடலைத் தருவதாகச் சொன்னதும், நம் மையவாடியில் இடமில்லை என்று பள்ளிவாசல் கமிட்டியில் முதல் ஆளாகச் சொன்னீர்கள். அன்று சோற்றுக்கு முன்னால் உங்களுக்கும் அண்ணனுக்கும் நடந்த சண்டை இன்னும் என் காதில் கிடக்கிறது.

"செத்தவனுக்குத் தீர்ப்புச் சொல்ல நீங்க யாருங்க அத்தா? அது அல்லா வேலை. நம்ம வேலை குழி வெட்டறது. இதெல்லாம் யாருக்குக் காட்டறதுக்குங்க? டிவிக்காரனுக்கா? நாம தலையக் குனிஞ்சா மட்டும் விட்டுருவானுங்களா? என் போனு இன்னும் ஸ்டேஷன்லதான் கெடக்குது."

"யாருக்கும் காட்டறதுக்கில்லடா."

"அங்க போய் நம்ம பையன்னீங்க. இங்க வந்து நம்ம மண்ணு இல்லைங்கறீங்க. எதுங்க நெசம்?"

"நம்ம பையங்கறதாலதான்டா வேண்டாங்கறேன். அடுத்தவன் பையனா இருந்தா எனக்கென்ன வந்துச்சு, நான் ஏன் வாயத் தொறக்கறேன்?"

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கமிட்டி உங்கள் பேச்சையே முடிவாக்கியது, அவனைப் போலீஸே எங்கோ கொண்டுபோய்ப் புதைத்தது. அதன் பிறகு கயிறு எடு, மணி எடு என்பதற்கு மேல் உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. போன மழைக்காலத்தில் நீங்கள் கடையிலேயே சாயும் வரைக்கும் அப்படித்தான். நான் உங்கள் பக்கம்தான் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

ஆனால் அத்தா, அந்த முடிவை உங்களோடு மண்ணில் வைக்க முடியவில்லை. ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் சந்தை முக்கில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். அதில் உங்கள் படம். "இவரல்லவோ தேசபக்தர்" என்று மேலே எழுதியிருந்தது. கீழே கூட்டத்துக்கு அழைப்பு. கூட்டம் எதற்கு என்று கேட்டால் வயிறு எரியும். சந்தையில் துலுக்கர் யாருக்கும் கடை போட இடம் கொடுக்கக் கூடாதாம். உங்கள் படத்தைப் போட்டு, உங்கள் கடையைக் காலி பண்ணக் கூட்டம்.

கட்டியவன் மாரப்பன் மாமாவின் மகன் செந்தில். அப்பாவின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவனும் இப்போது தரகு பார்க்கிறான். நேரே போய் நின்றேன்.

"செந்திலு, எங்கத்தா படத்தை எறக்கு."

"மரியாதையாத்தானுங்க அக்கா வெச்சிருக்கறோம்."

"மரியாதையத் தலைக்கு மேல வெச்சுட்டு, பொழப்பக் காலுக்குக் கீழ வெக்கறியா? அவன் பண்ணினதுக்கு நானா பொறுப்பு?"

அவன் தரையைப் பார்த்தான். "எங்கப்பன் ஊட்டுக்கு முழுசா வர்லீங்க அக்கா. மூட்டையாத்தான் கொண்டாந்தாங்க. நான் யாரைப் போய்க் கேக்கட்டும்? கேக்கறதுக்கு ஆளு வேணுமில்லீங்க?"

அவனுக்கு என்ன சொல்வது? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மறுநாள் உங்கள் முகத்தை மட்டும் கத்தியால் சதுரமாக வெட்டி, சுருட்டிக் கொண்டுவந்து கடையில் கொடுத்துவிட்டுப் போனான். ஃப்ளெக்ஸ் அங்கேயே ஓட்டையோடு நின்றது. கூட்டமும் நடந்தது. பஞ்சாயத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, கடை நிற்குமா தெரியாது.

இனிமேல் சொல்வதுதான் கடினம்.

ஜைனபக்கா படுத்துவிட்டார். இனி மருந்து வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் கஞ்சி கொண்டுபோகிறேன். தெருவில் வேறு யாரும் அந்த வாசலை மிதிப்பதில்லை. நீங்களும்தான் மிதிக்கவில்லை. ஐந்து வேளையும் அந்த வீட்டைத் தாண்டித்தானே தொழப் போனீர்கள்? ருக்குமணியம்மா வாசலில் வெயிலில் நிற்கத் தெரிந்த மனிதருக்கு, இந்த வாசலில் ஒரு நிமிஷம் நிற்க ஏன் முடியவில்லை? அவனுக்கு இடமில்லை என்றீர்கள், சரி. அதை அவரிடம் நீங்களே போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? இதில் உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

முந்தாநாள் ஜைனபக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "என்னை எங்கம்மா வெப்பாங்க? அவன் கெடக்கற எடம் தெரிஞ்சாலாச்சும் அங்கயே வெச்சுருங்கன்னு சொல்லுவேன். அதுவும் தெரீல. அவனுக்காக துஆ கேக்கலாமான்னு உஸ்தாதுகிட்டக் கேக்கவே பயமா இருக்குது."

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பேசினேன். அவர்தான் இப்போது கமிட்டியில் உங்கள் இடத்தில் இருக்கிறார். அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"அத்தா போட்ட முடிவு இருக்குதல்ல? கடையே நிக்குமோ நிக்காதோன்னு கெடக்குது. இப்பப் போய் அந்தக்காவை உள்ள வெச்சா, நாளைக்கே படம் புடிச்சுப் போட்டுருவானுங்க."

"யாருக்குக் காட்டறதுக்குன்னு அன்னைக்கு அத்தாவைக் கேட்டது யாருங்க அண்ணா?"

அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"அத்தா வேண்டான்னது கொன்னவனை. இந்தக்கா என்ன பண்ணுச்சு, பெத்ததைத் தவிர?"

வாசல்படியில் நின்றபடி, "கமிட்டியில பேசிப் பாக்கறேன்" என்றார். ஒத்துக்கொள்வார்களா, தெரியவில்லை. பயம் வந்த ஆள்களுக்கு உங்கள் பெயர் நல்ல வேலியாகிவிட்டது. ஜைனபக்கா கண்மூடினால் அந்த மையித்தை நாங்கள் தொட மாட்டோம் என்று தெருப் பெண்களும் இப்போதே சொல்லிவிட்டார்கள்.

மண் ஆண்களின் கையில் இருக்கிறது, அத்தா. தண்ணீர் எங்கள் கையில். ஜைனபக்காவை நான் குளிப்பாட்டுவேன். ஒருத்தியாக நின்றாவது குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி அனுப்புவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. மையவாடிக் கதவைத் திறக்காவிட்டால், மையித்தைச் சுமக்கும் சந்தூக்கோடு மதிலருகே நானும் நிற்பேன். திறக்கும் வரைக்கும் கத்துவேன். ஊர் சிரிக்கட்டும்.

உங்களுக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறதாம், அண்ணன் சொன்னார். ஜைனபக்கா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே சொல்லாமல் போன அந்த ஒரு சலாமை அங்கேயாவது சொல்லிவிடுங்கள்.

உங்கள் வாயாடி மகள்,
பல்கீஸ்