ரொட்டிக்குள் நூல்

ஏப்ரல் 7, திங்கள்

இன்றும் குளிக்காமல்தான் வந்தேன். பொடிப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் தலைமுழுகி, உடை மாற்றித்தான் வெளியே போகவேண்டும் என்று சுவரில் மூன்று மொழிகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸுக்கு எந்த மொழியும் தெரியாது. ஒரு நிமிஷம் தாமதித்தால் ஷாமீர்பேட்டை ஆலையிலேயே விட்டுவிட்டுப் போய்விடும். மேல்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். எல்லோரும் அப்படித்தான் ஓடுகிறோம்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஜகதீசன் மாவுப் பாத்திரத்தை நீட்டினார். "கிரிஜா, விரலை வெச்சுப் பாரு. பொங்கிடுத்தா?" அழுத்தினேன். குழி விழுந்து மெல்ல மேலே வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கச்சிபௌலி ஆபீஸில் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிய பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த என் வீட்டுக்காரர். இப்போது ரொட்டி சுடுகிறார், விசில் அடிக்கிறார். தினமும் என்னை ஒரு விரல் வைக்கச் சொல்கிறார். எனக்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வீட்டுக்கு வரத் தோன்றுகிறது.

ஏப்ரல் 10

ஹம்ஸினிக்கு வகுப்பில் அப்பா அம்மாவின் வேலையைப் பற்றிப் பேசவேண்டுமாம். "பேக்டீரியா பிசினஸ் அன்டே அந்தரூ நவ்வுதாரு அம்மா" என்றாள். எல்லோரும் சிரிப்பார்களாம். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் சொல்வாள். இது இந்த வீட்டு வழக்கம்.

உட்காரவைத்துச் சொன்னேன். நீ போட்டிருக்கிற யூனிஃபார்மின் கறையைத் தின்கிற சோப்புப் பொடிக்குள் இருக்கும் நொதி இதனிடமிருந்து வந்ததுதான். ஆலையில் துணியின் கஞ்சியை எடுப்பதும் இதன் நொதிதான். நாங்கள் இதன் விதையை, அதாவது உறங்கும் ஸ்போரை, உலர்த்திப் பொடியாக்கி மூட்டை கட்டுகிறோம். கோழித் தீவனத்தில் கலக்கிறார்கள், தக்காளி வேர் அழுகாமல் இருக்க மண்ணில் போடுகிறார்கள். பெயர் பேசில்லஸ் சப்டிலிஸ். வைக்கோல், மண், தூசி, எங்கே கிள்ளினாலும் இருக்கும் சாதாரணக் கிருமி.

"டேஞ்சரா?" என்றாள்.

பரம சாது என்றேன். அவளுக்கு ஏமாற்றம்.

ஏப்ரல் 16

வெயில் கொளுத்துகிறது. ரொட்டி ஆர்டர் எங்கள் பிளாக்கைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. ஏ.எஸ். ராவ் நகரில் ஒரு காபிக் கடைக்காரர் தினமும் வேண்டும் என்கிறாராம். ஜகதீசன் மனக்கோட்டை கட்டுகிறார். கட்டட்டும்.

ஏப்ரல் 19, சனி

மூன்றாம் மாடி வேதா மாமி ரொட்டியோடு வந்தாள். ஹைதராபாத்துக்கு வந்து முப்பது வருஷமாகிறது, பேச்சில் பாதி இந்த ஊர் உருதுதான், ஏன் என்பதற்குக் 'கைக்கூ', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. "கைக்கூ இப்படி ஆச்சுன்னு தெரியல கிரிஜா. முந்தாநேத்து வாங்கினது. பசங்க ஒரே வாசனை, நக்கோன்னுட்டா."

ஜகதீசன் பிட்டார். நடுவில் பிசுபிசுவென்று ஈரம். இரண்டு பாதியையும் விலக்கியபோது இடையில் நூல் இழுத்தது. அழுகத் தொடங்கிய அன்னாசி மாதிரி ஒரு மணம்.

கல்லூரியில் இதைப் பாடமாகவே படித்திருக்கிறேன். அடுப்புச் சூட்டில் மற்றவை செத்துப்போகும், பேசில்லஸ் விதை மட்டும் சாகாது. ரொட்டி ஆறியதும் விழித்து, மாவைத் தின்று கூழாக்கிவிடும். வெயில் காலம் என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

"நீதானே கிருமி நிபுணி, பாத்துச் சொல்லேன்" என்றார்.

"மாவு சரியில்ல போலிருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பொய்யென்றும் சொல்லமுடியாது. மண்ணில் இருப்பது கோதுமையோடும் வரும்தானே. வரலாம். ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கோதுமை இல்லை.

ஏப்ரல் 21

மாவு மில்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார் ஜகதீசன். அத்தனை பேருக்கு முன்னால் "கலப்பட மாவு விக்கறீங்க" என்று கத்தினாராம். சாதுவான மனிதர் ஜகதீசன். கத்தத் தெரியாது. நான் கத்தவைத்துவிட்டேன்.

நேக்குச் சோறு இறங்கலை.

ஏப்ரல் 22

இன்று முதல் ஆலையிலேயே குளித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். பஸ் போய்விட்டது. ஆட்டோ. மாவைத் தொடச் சொன்னார், கை வலிக்கிறது என்றேன். ஒரு விரலுக்கு என்ன வலி என்று கேட்டார்.

ஏப்ரல் 25

வேறு மில், புது மாவு. மறுபடி நூல்.

காபிக் கடைக்காரர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே போகும் அது? பலகையில், துணியில், அடுப்பு இடுக்கில் விதை உட்கார்ந்திருக்கும். வருஷக்கணக்கில் உட்காரும். அந்தப் பொறுமைக்காகத்தானே அதை மூட்டை கட்டி விற்கிறோம்!

ஜகதீசன் கூடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கை ராசி அப்படி. ஆபீஸும் தங்கல, இதுவும் தங்கல."

"அசடாட்டம் பேசாதீங்கோ" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 26

சும்மா இருக்க முடியவில்லை. எல்லா எவர்சில்வர் பாத்திரத்தையும் இறக்கித் தேய்த்தேன். மாடிக்குப் போனேன், இறங்கினேன், மறுபடி போனேன். ஜப்பானில் சோயாவை இதே கிருமியை விட்டுத்தான் புளிக்கவைக்கிறார்கள். எவ்வளவு நூல் இழுக்கிறதோ அவ்வளவு உசத்தி. ஊர் மாறிப் பிறந்துவிட்டது எங்கள் வீட்டு ரொட்டி.

ஏப்ரல் 28, திங்கள்

ஒரு துண்டைச் சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பைக்குள் மறைத்து எடுத்துப்போனேன். திருடியைப் போல. உப்புநீரில் கரைத்து, சூடாக்கி, தட்டில் பரப்பிவைத்தேன். கம்பெனி விதையா, கோதுமையோடு வந்த ஊர் விதையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டி.என்.ஏ. ஒப்பிட வேண்டும். அதற்குப் பிரிவுத் தலைவர் சாரங்கபாணி சாரிடம்தான் போகவேண்டும். "வெளியிலேர்ந்து வந்த சாம்பிள் சார்" என்று கொடுத்தேன்.

கோதுமையாக இருக்கட்டும் என்று இந்தக் கோவில் அந்தக் கோவில் என்று வேண்டிக்கொள்கிறேன். அறிவியல் படித்தவள்!

ஏப்ரல் 30

ஜகதீசன் அடுப்பின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டார். விசில் இல்லை. மத்தியானமே படுத்துவிட்டாராம். ஹம்ஸினி என்னிடம் வந்து, அதிசயமாய்த் தமிழில், "அப்பா மறுபடி அப்படி ஆயிடுவாளா?" என்று கேட்டாள்.

மே 2, வெள்ளி

சாரங்கபாணி சார் கூப்பிட்டார். "ஜாதகம் பார்த்தாச்சும்மா. பத்துப் பொருத்தமும் இருக்கு. நம்ம ரகமேதான். எங்கே கெடச்சது இது?"

திங்கட்கிழமை சொல்கிறேன் சார் என்றேன். முதலில் சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல.

வீட்டுக்கு வந்தேன். சொல்லவில்லை. கறிகாய் நறுக்கினேன். சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வார்? வேறு யார் கெடுத்திருந்தாலும் தாங்குவார். நானே கெடுத்தேன் என்றால்? அவர் தலைதூக்கிய ஒரே இடம் அது. அதிலும் நானாகக் கை வைக்கவில்லை, அவர் கூப்பிட்டுத்தான் வைத்தேன். அதுதான் இன்னும் கொடுமை.

மே 3

இன்றும் இல்லை. கோழை நான். வேறென்ன.

மே 4, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "ரொட்டில இருக்கறது எங்க கம்பெனிப் பொடி. நான்தான் கொண்டுவந்தேன். குளிக்காம வந்தேன். தலைல, துப்பட்டால, விரல்ல... நீங்க தொடச் சொன்னேளே, அப்போ" என்றேன்.

திரும்பாமலே கேட்டார். "எப்போலேர்ந்து தெரியும்?"

"சந்தேகம் மொதல் நாள்லேர்ந்து. நிச்சயமா முந்தாநாள்."

எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். "அப்போ என் கை இல்ல?"

"இல்ல."

"மாவு பெசஞ்சதுல தப்பில்ல? சூட்டுல தப்பில்ல?"

"ஒண்ணுலயும் தப்பில்ல. நன்னாத்தான் பண்ணினேள்."

அப்புறம்தான் வந்தது. "பைத்தியக்காரி! பைத்தியக்காரி! இத்தனை நாளா என் கையை வெட்டிப் போட்டுடலாமான்னு உக்காண்டிருந்தேன்! பாத்துண்டே இருந்தியே!" பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஹம்ஸினி கதவருகில் வந்து நின்றாள். நான் அழுதேன். அவரும்.

கெடுத்ததை மன்னித்துவிடுவார். சும்மா பார்த்துக்கொண்டிருந்ததை மன்னிப்பாரா, தெரியவில்லை. நானே மன்னிக்கவில்லை.

சாயங்காலம் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டார். "ரொட்டி கெட்டதற்குக் காரணம் என் கைப்பக்குவம் அல்ல. என் மனைவி ஆபீஸிலிருந்து கொண்டுவந்த கிருமி. உடம்புக்குக் கெடுதலில்லை. மன்னிக்கவும்." மானம் போயிற்று. வேதா மாமி மட்டும் கைகூப்பும் படம் அனுப்பியிருந்தாள். யாருக்கென்று தெரியவில்லை.

மே 5

சாரங்கபாணி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். "பஸ்ஸையும் தாமதமாத்தான் எடுக்கணும். இல்லேன்னா எல்லாரும் ஊரெல்லாம் வெதச்சுண்டு போவேள்" என்றார். வேலை போகவில்லை. அதற்காக ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டு, உடனே வெட்கப்பட்டேன்.

மே 6

பேசுவதில்லை. ஆனால் போர்வையை எடுத்துவிட்டார்.

மே 10

மில்காரரிடம் நான் போனேன். ஜகதீசனும் கூட வந்தார், வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. என் ஓட்டைத் தெலுங்கில் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஜகதீசனைப் பார்த்து, "மீ ஆவிட நிஜம் செப்பிந்தி, சாலு" என்றார். உங்கள் வீட்டம்மா உண்மையைச் சொன்னாளே, போதும் என்று. எனக்கு முள் மேல் நிற்பது மாதிரி இருந்தது. உண்மையா? எத்தனை நாள் கழித்து!

மே 11, ஞாயிறு

பலகை, துணி, மரக்கரண்டி எல்லாம் குப்பைக்கு. மிச்சத்தைக் கொதிக்கவைத்து, வினிகரில் துடைத்தோம். துடைத்தோம் என்ன, துடைத்தார். நான் வாசற்படியில் நின்று யோசனை சொன்னேன். விதையை அடியோடு ஒழிக்க முடியாது, ஆனால் புளிப்பு இருந்தால் முளைக்காது, மாவை நன்றாகப் புளிக்கவிடுங்கள் என்றேன். தலையாட்டினார். தோசை மாவை நாலு நாள் புளிக்கவிட்டுச் சாப்பிடும் குடும்பம், இது தெரியாதா அவருக்கு.

உள்ளே காலை வைக்கப்போனேன். "மடி! மடி! தள்ளி நில்லு" என்றார்.

என் மாமியாரின் மடி ஆசாரத்தைக் கல்யாணமான புதிதில் கிண்டலடித்து, சண்டை போட்டு, ஒரு வழியாக ஒழித்தவள் நான். மாமியாருக்கு ஈரப்புடவை, எங்கள் பிரிவுக்கு மேல்கோட்டு. அந்தக் காலத்தில் மாதம் மூன்று நாள் ஒதுக்கிவைத்தார்கள். எனக்கு வருஷம் முழுக்க.

ஆனால் பேசினாரே. அது போதும்.

மே 24

புளித்த மாவு ரொட்டியை வேண்டுமென்றே மொட்டைமாடிச் சூட்டில் வைத்தார். தினமும் ஒன்று பிட்டுப் பார்க்கிறார். நானும் எட்டிப் பார்க்கிறேன், தூரத்திலிருந்து. ஆபீஸில் மனசு ஓடவில்லை. இரண்டு தரம் போன் செய்து, "நூல் இருக்கா?" என்றேன். "போனை வை" என்றார்.

மே 27

நூல் இல்லை. புளிப்பு மணம் மட்டும்.

ஜூன் 15

மழை பிடித்துக்கொண்டது. தெருமுனையில் ஷட்டர் போட்ட ஒரு அறையை எடுத்திருக்கிறார். அடுப்பு அங்கே போய்விட்டது. வீட்டில் சமையலறை மறுபடி எனக்குத்தான், வெறிச்சென்று இருக்கிறது. தப்பு என்மேல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சாயங்காலம் வந்து கதவைத் திறக்கும்போது யாரும் எதையும் நீட்டாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் என் வியாதி என்று தெரிந்தும்.

ஜூன் 17

சொன்னேன். "எனக்கும்தான்" என்றார். அவ்வளவுதான். ஆனால் கடைக்குள் விடமாட்டாராம்.

ஜூலை 6, ஞாயிறு

குளித்து, தலை துவட்டி, துவைத்த புடவை கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வாசலில் வரிசை. ஏ.எஸ். ராவ் நகர் காபிக் கடையிலிருந்தும் ஆள் வந்திருந்தது. நானும் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் கடைசி ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

ஜகதீசன் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "தீந்துடுத்து மேடம். நாளைக்குச் சீக்கிரமா வாங்கோ" என்றார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். உள்ளிருந்து விசில் கேட்டது.

பெண்டாட்டிக்கென்று ஒரு துண்டு எடுத்துவைக்கவில்லை மனுஷன். திரும்பும்போது மளிகைக் கடையில் பாக்கெட் ரொட்டி வாங்கினேன். ஹம்ஸினி முகர்ந்து பார்த்து, "நக்கோ" என்றாள். நானே இரண்டு துண்டு தின்றேன். சகிக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து வயிறு நிறைந்தது.