ஆமைக் கொட்டகையின் தைலப் புட்டி

மேசைமேல் உன் தைலப் புட்டி இருக்கிறது. எத்தனை முறை வெந்நீரில் கழுவியும் கற்பூர நெடி போகவில்லை. நேற்று முதல் ஆமைச் சிறுநீரின் நெடியும் மறுபடி அதோடு சேர்ந்துகொண்டது. வரிசை போடாமல் எழுதினால் எனக்குக் கை ஓடாது என்பது உனக்குத் தெரியும். சிரிக்காதே. எழுதப்போவது இவைதாம்:

1. கழிவு மாதிரியை நீ கொண்டுவந்த லட்சணம்.
2. அதனால் என் ஆய்வு கெட்டது.
3. உன் ஆமை பேஜாரு இப்போது எப்படி இருக்கிறாள்.

முதலாவதைச் சொன்னால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. துறைமுகத்தில் கடத்தல் பெட்டியோடு பிடிபட்ட நட்சத்திர ஆமைகளை, வழக்கு முடியும்வரை வைத்திருக்கத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை. அதற்கு நீ காவல். நான் மாட்டு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன். நுண்ணோக்கி கல்மண்டபம் வட்டாரத்தில் என் வீட்டில் இருந்தது. ஆமைகளின் கழிவை நீ எடுத்து வரவேண்டும், நான் பார்த்து எழுதித் தரவேண்டும், அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து கொடுப்பார். இவ்வளவுதான் ஏற்பாடு. அதற்காக நான் தெர்மாகோல் பெட்டி வாங்கித் தந்தேன், ஐஸ் வைத்துக் கொண்டுவா என்று எழுதியும் தந்தேன். நீயோ கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்று, லுங்கி மடியிலிருந்து இந்தத் தைலப் புட்டியை வெதுவெதுப்பாக எடுத்து நீட்டுவாய்.

"ஐஸ் எங்கே?" என்று கேட்டால், மீன்பிடித் துறைமுகத்தில் இத்தனை வருஷம் கூடை தூக்கியவன் என்ற கெத்தோடு பதில் வரும்.

"செத்த மீனுக்குத்தான் வாத்யாரே ஐஸு. இது உசுரோட கீற ஆமைலேர்ந்து வந்தது. இதுக்கு இன்னாத்துக்கு ஐஸு?"

"இது படித்தவர்கள் வகுத்த முறை."

"படிச்சவங்க இன்னா, ஆமையத் தூக்கிப் பாத்துகினாங்களா? தூக்குனவொடனே மூத்தரம் மேல அடிக்கும் பாரு. சுடச்சுட புடிச்சாந்தேன். இப்பவே பாத்துடு நைனா."

நான் ஒருமுறையும் உடனே பார்த்ததில்லை. புட்டியை விரல்நுனியால் வாங்கி, சீட்டு ஒட்டி, நேராகக் குளிர்பெட்டியில் வைப்பேன். மறுநாள் காலை குளித்துவிட்டு, உப்புக் கரைசலில் கலக்கி, புழு முட்டை மிதக்கிறதா என்று பார்ப்பேன். மிதக்காது. 'ஒட்டுண்ணி இல்லை' என்று எழுதுவேன். ஆனால் ஆமை இளைத்துக்கொண்டே போகும், தொட்டித் தண்ணீரை விடாமல் குடிக்கும். உன் காலத்திலேயே இரண்டு செத்தன. மடிச்சூட்டில் மாதிரி கெட்டுப்போனதுதான் காரணம் என்று உன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். வாயாடியான நீ அன்று மட்டும் காலிப் புட்டியை மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். ஏன் போனாய்? ஒரு முறை கத்தித் தொலைத்திருக்கக் கூடாதா?

நீ போய்ச் சேர்ந்த பிறகு வியாசர்பாடியிலிருந்து செல்வி வேலைக்கு வந்தாள். ஐஸ், புதுப் புட்டி, தேதி, எண், எல்லாம் நான் கேட்டபடி. மூன்று மாதிரி அனுப்பினாள். மூன்றிலும் ஒன்றுமில்லை. பதினோராம் எண் ஆமை, நீ 'பேஜாரு' என்று பெயர் வைத்தவள், தீனியைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். நேற்றுக் காலை செல்வி போன் செய்தாள்.

"சார், நீங்க எய்தி எய்தி அனுப்புறீங்க ஒண்ணுமில்லன்னு. கல்லு மாதிரி கனத்துகினு இருந்தது, இப்போ காலி டப்பா மாதிரி கீது. ஒரு தபா வந்து கையில தூக்கிப் பாருங்க சார்."

எனக்குப் பயம். ஆமையைத் தூக்குவதற்கு அல்ல, என் தாள்களில் இருந்தது பொய்யோ என்று. நுண்ணோக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். பேஜாருவைத் தூக்கினேன். நீ சொன்னபடியே என் சட்டை முழுக்க அடித்தாள். செல்வி சிரித்துக்கொண்டே, அலமாரியில் கழுவிவைத்திருந்த உன் புட்டியை எடுத்து மிச்சத்தைப் பிடித்தாள். குளிர்பெட்டி அங்கே இல்லை. உப்பும் இல்லை. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து, வெயில்பட்ட ஜன்னலோரம் அப்படியே பார்த்தேன்.

நீந்திக்கொண்டிருந்தன. சவுக்குபோன்ற வாலை அடித்து, நேர்கோட்டில் விர்ரென்று ஓடும் சிறுசிறு உயிர்கள், நூற்றுக்கணக்கில். ஆமையின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. அவற்றுக்கு முட்டை கிடையாது, உப்பில் மிதப்பதுமில்லை. குளிர்பட்டால் அசைவு நின்றுவிடும். நின்றுவிட்டால் தூசுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு தெரியாது. ஐஸ் என்பது மாட்டுச்சாணத்துப் புழு முட்டைக்கான விதி. வேறு உயிருக்கு வேறு விதி என்று என் புத்தகத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அதன் கீழே நானே கோடு போட்டிருக்கிறேன், இவ்வளவு கெட்டிக்காரன் நான்.

டாக்டர் நேற்று மாலையே மருந்தைத் தொடங்கிவிட்டார். பேஜாரு இன்று தலையை நீட்டினாளாம்; இன்னும் தின்னவில்லை. பிழைப்பாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை மறுபடி பார்க்க வேண்டும். நுண்ணோக்கியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன். புட்டி மட்டும் என்னோடு வந்துவிட்டது. செவ்வாயன்று அதை வேட்டி மடியில்தான் கொண்டுபோவேன்.

மேலே எழுதிய இரண்டாவது குறிப்பு தவறு. அடித்துத் திருத்தவில்லை, என் கையெழுத்திலேயே நிற்கட்டும். நீ ஒவ்வொரு முறையும் உயிரோடுதான் கொண்டுவந்து கொடுத்தாய். நான் அவற்றைக் கொன்றுவிட்டுத் தேடினேன்.