எரிந்தால் ஆறும்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சௌக்கியமா? போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று முழிப்பாய். கடைவாயில் ஒரு புண். பேசினால் உரசுகிறது. சும்மா இருக்க என்னால் ஆகுமா? அதான் பேனாவை எடுத்தேன்.

நல்ல சேதி ஒன்று. சிகரெட்டை விட்டுவிட்டேன்! காருக்குப் பெயிண்ட் அடிக்கிற அறையில் எப்போதும் தின்னர் வாடை. தீக்குச்சி உரசினால் பட்டறையே போய்விடும் என்று முதலாளி கத்தினார். அன்று விட்டதுதான். இப்போது கன்னத்தில் கொஞ்சம் புகையிலை அதக்கிக்கொள்வதோடு சரி. சாயங்காலம் கொஞ்சம் சரக்கு. அதைப் புண்மேல் நிறுத்திவைத்துத்தான் விழுங்குகிறேன். சுள்ளென்று எரியும். "எரிஞ்சா ஆறும்டா" என்கிறார் எங்கள் டிங்கரிங் அண்ணன்.

உன் தம்பி

மார்ச் 13

அன்புள்ள வாயாடிக்கு,

சிகரெட்டை விட்டாய் என்று படித்ததும் மாமாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அடுத்த வரியிலேயே புகையிலை! முன்வாசலில் துரத்திவிட்டுப் பின்வாசலில் கூப்பிட்டு உட்கார வைத்தாயாக்கும்? அந்த டிங்கரிங் அண்ணன் எந்தக் காலேஜில் டாக்டருக்குப் படித்தாராம்?

உடனே ஆஸ்பத்திரிக்குப் போடா. எனக்கு மனசே சரியில்லை. உனக்கு இரண்டு சட்டை தைத்து அனுப்புகிறேன். பை வைக்கவில்லை. பொட்டலத்தை எங்கே ஒளிப்பாய் என்று பார்க்கிறேன்.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை அளவு கச்சிதம். நீ சொன்னதைத்தான் கேட்கவில்லை. இன்று ஆறும், நாளை ஆறும் என்று இருந்துவிட்டேன். இப்போது வலி காதுவரை குத்துகிறது. வாய் சரியாகத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான்.

புண்மேல் மருந்து மாதிரி சரக்கை ஊற்றினேன் என்றதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சரக்கு வாய்க்குள்ள இருக்கிற தோலை இளக்கி விட்டுடும். புகையிலையோட விஷம் நேரா உள்ள இறங்கும். தனித்தனியாவே ரெண்டும் கெடுதல். சேர்ந்தா பல மடங்கு."

எனக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. தகரத்தைத் தின்னர் போட்டுத் துடைத்தால்தான் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். தினம் செய்கிற வேலை. அதையே என் கன்னத்துக்குள்ளும் செய்திருக்கிறேன்.

தாடையில் ஒரு துண்டும் நாக்கில் பாதியும் எடுக்க வேண்டுமாம். பயமாக இருக்கிறது, அக்கா.

தம்பி

ஜூலை 26

டேய்,

திட்டுவதற்கு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. தையல் கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னாடியே வந்துவிடுவேன். அதற்குள் ஆசை தீரப் பேசிக்கொள், வலித்தாலும் பரவாயில்லை.

அக்கா

நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஊருக்குப் போனதிலிருந்து வீடு ஊமையாகக் கிடக்கிறது. மூக்குக் குழாயில்தான் சாப்பாடு. கதிர் சிகிச்சை என்று கரண்ட் வைத்த இடமெல்லாம் வெந்து கிடக்கிறது. எதிர்வீட்டுக் குழந்தை என் முகத்தைப் பார்த்து அழுதது. ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

டிங்கரிங் அண்ணன் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தன் புகையிலைப் பொட்டலத்தைச் சாக்கடையில் வீசினார். மறுநாள் வந்தபோது அவர் கன்னம் மறுபடி உப்பியிருந்தது. எழுதிக் காட்டித் திட்டினேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராதாம்!

கழுத்தில் மறுபடி கட்டி. இனி கத்தி வைக்க முடியாது என்கிறார் டாக்டரம்மா. நீ தைத்த சட்டை மார்புவரைதான் திறக்கிறது, தலைவழியாக மாட்ட முடியவில்லை. முன்னால் முழுக்கத் திறக்கிற மாதிரி ஒன்று தைத்துக் கொடு. வாயாடி என்றே கூப்பிடு. மாற்றிவிடாதே.

தம்பி

நவம்பர் 29

அன்புள்ள வாயாடிக்கு,

நீ கேட்டபடியே தைத்துவிட்டேன். பொத்தான் வேண்டாம் என்று நாடா வைத்திருக்கிறேன், கழுத்தில் உறுத்தாது. தபாலில் போடலாம் என்று கட்டும்போதுதான் டிங்கரிங் அண்ணன் போன் செய்தார். "கிளம்பி வாங்கக்கா" என்றார். என்ன ஆச்சு, எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "வாங்கக்கா, வந்து பேசிக்கலாம்" என்றார். போனை வைத்துவிட்டார்.

மாமா வண்டி பிடிக்கப் போயிருக்கிறார். என்னால் சும்மா உட்கார முடியவில்லை. அதான் எழுதுகிறேன். கடிதத்தையும் சட்டையையும் கையோடு கொண்டு வருகிறேன். உன்னால் படிக்க முடியாவிட்டால் நான் படித்துக் காட்டுகிறேன். நீ கேட்டால் போதும்.

இந்தச் சட்டையில் பை வைத்திருக்கிறேனடா. பேனா செருகிக்கொள்ள.

அக்கா